ஃபெர்ரியில் ஒரு கம்பளி ஸ்வெட்டர்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் ஃபெர்ரியில் மாலை வெயில் முகத்தில் அடிக்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பக்கத்தில் ஓர் அக்கா, பிறை நகரில் தொழிற்சாலை வேலை முடிந்து வீடு திரும்புகிறவர். இந்தப் புழுக்கத்திலும் அவர் மடியில் கம்பளி ஸ்வெட்டர்.

என் கையிலிருக்கும் பத்திரிகையை எட்டிப் பார்க்கிறார். உலகம் சூடாகிறது, காடுகளை வெட்டாதீர்கள் என்று மேல்நாட்டுத் தலைவர்கள் பேசிய செய்தி.

"அவன் காட்டையெல்லாம் வெட்டிப் பணக்காரன் ஆயிட்டான். இப்ப நம்மள வெட்டாதேங்கிறான். எல்லாம் அரசியல் லா, தம்பி."

"அப்ப சூடு கூடலைங்கிறீங்களா, அக்கா?"

"யார் சொன்னா? சூடு நெசம். சொல்ற ஆளத்தான் நம்ப முடியல."

அவர் சொல்வதில் பாதி எனக்கும் சரியென்றே படுகிறது. ஆனால் யார் சொன்னாலும் வியர்க்கத்தான் செய்கிறது. ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்கிறேன்.

"ஃபேக்டரி உள்ள ஏர்கான் குளிரும். சின்னப் பிள்ளைல, மலையடில ஆயர் ஈத்தாம்ல, இந்த மாதிரி ஒண்ணப் போட்டுக்கிட்டுத்தான் ஸ்கூலுக்கு நடப்போம். விடியக்காலைல மலைலேர்ந்து காத்து இறங்கும். இப்ப வீட்டுல இதுக்கு வேலையே இல்ல."

எதிரே பினாங்கு மலை புகைமூட்டத்தில் மங்கிக் கிடக்கிறது. அவர் அதையே பார்க்கிறார். ஃபெர்ரி துறையில் முட்டி நிற்கிறது. எல்லோரும் எழுகிறார்கள். அவர் எழவில்லை.

"ஒரே ஒரு காலைல அந்தக் காத்து வந்தாப் போதும், தம்பி. அரசியல அவனுங்களே வச்சுக்கட்டும்."