மோப்பக்காரர் சொன்ன விலை

ஆயில் குச்சியை உருவி, கண்ணை மூடி, மூக்கருகே பிடித்துக்கொள்கிறார். சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கருகல் வாடை அடித்தால் அங்கேயே கையைத் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். அடிக்காவிட்டால்தான் பையைத் திறப்பார். ஒர்க்‌ஷாப்களில் அவருக்குப் பெயர் மோப்பக்காரர்.

வேகத்துக்கென்றே செய்த கார்களின் பழைய எஞ்சின்களுக்கு விலை சொல்வது அவர் தொழில். ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளிருக்கும் தாள்மடிப்பை விரித்து, இரும்புத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பிளக்கைக் கழற்றிய ஓட்டை வழியே வயர்க் கேமராவை விட்டு உள்சுவரில் கீறல் தேடுவார். விற்பவர் பேசுவதற்கெல்லாம் "ம்... ம்..." தான். "மெதுவாத்தான் சார் ஓட்டினேன்" என்று யாராவது சொன்னால் மட்டும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அவர் சொன்ன விலைக்கு மறுபேச்சு கிடையாது. வீட்டில் மட்டும் மதிப்பில்லை. "இவரைக் காய் வாங்க அனுப்பினா எல்லாத்தையும் மோந்து பாத்துட்டு நிப்பாரு, கடைக்காரன் அடிக்க வருவான்" என்பாள் மனைவி.

போன மாதம் அவருடைய அக்கா போன் செய்தாள். "தம்பி, ஒரு வருஷமா அந்த ஷெட்டைத் திறக்கவே இல்லடா. ஒருத்தர் எஞ்சினை மட்டும் கேக்குறாரு. நீ வந்து பாத்துச் சொல்லு."

அக்கா மகனின் கார் அது. ஒரே மகன். வளைவில் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் மோதியது; அவன் அங்கேயே போய்விட்டான். அதிவேகம் என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. அக்காவின் கணவர், மாமா மட்டும் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "எஞ்சின் பூட்டிக்கிச்சு. சக்கரம் நின்னுபோச்சு. பிள்ளை என்ன பண்ணுவான்?" இதைப் பால்காரரிடமும் சொன்னார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொன்னார். வேறு பேச்சு அவரிடம் இல்லாமல் போயிற்று.

அவர் போய்ப் பார்த்தபோது காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. எஞ்சின் பின்னால் இருக்கும் ரகம் என்பதால் அதற்கு அடியில்லை. வாங்க வந்தவர் கேட்டருகே காத்திருந்தார். மாமா ஷெட்டுக்குள் வர மறுத்து வெளியே நின்றுகொண்டார். அக்காதான் டார்ச்சைப் பிடித்தாள்.

ஆயிலில் வாடை இல்லை. ஃபில்டரில் மினுக்கம் இல்லை. கேமராவில் உள்சுவர் பளிங்குபோலத் தெரிந்தது. கடைசியாக நீளக் கைப்பிடி ஸ்பேனரை, எஞ்சினைக் கையால் சுற்ற உதவும் கிராங்க் போல்ட்டில் மாட்டி அழுத்தினார். ஒற்றைக் கைக்கே வழவழவென்று சுற்றியது.

"சுத்துதேடா" என்றாள் அக்கா.

"ம்."

"அப்போ, பூட்டிக்கலையா?"

சமீபத்தில் அவர் பார்த்தவற்றில் இத்தனை நல்ல எஞ்சின் கிடையாது. விலை நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அந்த விலையைச் சொல்வதும், உங்கள் மகன்தான் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று மாமாவின் முகத்துக்கு நேரே சொல்வதும் ஒன்றுதான்.

"பூட்டியிருக்குல்ல மாப்ள?" வெளியிலிருந்து மாமாவின் குரல். ஒரு வருடமாகக் கேட்ட அதே குரல்தான். இன்றுதான் அது கேள்வியாக வந்தது.

அவர் எழுந்தார். காரின் கோணிப்போன கதவின் இடுக்கில் கையை நுழைத்து, கியரை டாப்பில் தள்ளி, ஹேண்ட்பிரேக்கைப் பலம் கொண்ட மட்டும் இழுத்து இறுக்கினார். இறுகிய சக்கரத்தோடு பிணைந்துவிட்டதால் இனி யார் அழுத்தினாலும் எஞ்சின் அசையாது. டார்ச் வெளிச்சம் அவர் கையைவிட்டு விலகவே இல்லை.

கேட்டருகே போய், "பழைய இரும்பு விலைகூடத் தேறாது" என்றார்.

"நீங்க சொன்னா சரிதான்" என்று அந்த ஆள் எட்டிக்கூடப் பார்க்காமல் கிளம்பினார். பொய்யாக ஒரு விலை மோப்பக்காரர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"வாங்க மாமா. நீங்களே திருப்பிப் பாருங்க."

மாமா தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை மொத்தமாகச் சாய்த்தார். அசையவில்லை. "பாத்தியா... பூட்டிக்கிச்சு... நான் சொன்னேன்ல..." தோள் குலுங்கியது. பிடியை விடாமல் மறுபடி மறுபடி அழுத்தினார்.

அக்கா டார்ச்சை அணைத்துத் தரையில் வைத்தாள். பிறகு கணவனின் பக்கத்தில் போய் நின்று, அவர் கைகளை ஒட்டி அதே ஸ்பேனரைப் பிடித்து, தானும் சேர்ந்து அழுத்தினாள்.