எல்லாருக்கும் வந்த வசனம்

அது போர்க்காலம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இரண்டு அறை வீடொன்றில் இருந்தோம்: நானும், மூன்று வயது மகனும், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த, கணவரின் தாயான மாமியும். கணவருக்குக் கொழும்பில் வேலை. தரைப்பாதை மூடிக்கிடந்ததால், கிளாலியில் படகேறிக் கடனீரேரியைக் கடந்து எப்படியாவது பிள்ளையோடு வந்துவிடும்படி ஆட்களிடம் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். மாமியைப் படகில் ஏற்ற முடியாது. நான் போனால் மானிப்பாயிலிருந்து மாமியின் மகளான மச்சாள் வந்து பார்ப்பதாகப் பேச்சு. மச்சாளின் பொறுமை எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். கர்த்தரே போகச் சொல்லாமல் போவதில்லை என்றிருந்தேன்.

புதுவருட ஆராதனையில் பெட்டிக்குள் கைவிட்டு வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் சபை வழக்கம். அந்த வருடத்துக்கென்று கர்த்தர் அவரவருக்குத் தரும் சொல் அது. யாருக்கும் காட்டாமல் வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்வோம். எனக்கு வந்தது, தேசத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படும்படி ஆபிரகாமுக்குச் சொன்ன வசனம். என்னைத்தான் அழைக்கிறார் என்று கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வருவதற்குள் சந்தேகமும் வந்தது. வேறெந்த வசனம் வந்திருந்தாலும் அதையும் நான் இப்படித்தான் வாசித்திருப்பேனோ?

அடுத்த கிழமை மாதர் சங்கத்துப் பெண்கள், நோயாளிகளுக்காக அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாமி ஒரு அட்டையை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்தார். ஜெபம் முடிந்ததும் நான் எழுந்து, கர்த்தர் என்னைப் புறப்படச் சொல்லியிருக்கிறார் என்று சாட்சி சொன்னேன்.

"ஆபிரகாமின்ரை வசனமோ, தங்கச்சி?" என்றார் ஒரு அக்கா. "எனக்கும் அதுதான்."

"எனக்குந்தான்," என்றார் இன்னொருவர்.

பெட்டியை வைத்திருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தியாவிலையிருந்து வாற அட்டைக்கட்டு இந்தமுறை வரேல்லை. அச்சகத்திலை பேப்பர் இல்லையெண்டு ஒரு வசனத்தை மட்டும் அடிச்சுத் தந்தவை."

"அப்ப கர்த்தர் முழுச் சபையையும் கிளாலிக்குப் போகச் சொல்லிப்போட்டார். படகுக்காரனுக்குச் சொன்னவராமோ?" என்றார் முதலில் கேட்ட அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமி தன் அட்டையை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். அதே வசனம்.

"எனக்கும் எழும்பிப் போகச் சொல்லிக் கிடக்கு," என்றார். "ஆர் தூக்கப் போறியள்?"

பெண்கள் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அவர்கள் போனபின் மாமியின் ஈரச்சீலையை மாற்றிக்கொண்டிருந்தேன். "என்னை விட்டிட்டுப் போறதுக்கு ஏன் பிள்ளை கர்த்தரை இழுக்கிறாய்? போக விருப்பம் எண்டு உன்ரை வாயாலை சொல்லு."

சீலையின் முனையை மடித்துச் செருகினேன். "ஓம் மாமி. போக விருப்பம்."

"உது உண்மை. இனி அவரிட்டைக் கேள்."

கேட்டேன். சமைக்கும்போதும், மாமியைக் கழுவித் துடைக்கும்போதும், அட்டையில்லாமல் கேட்டேன். போ என்றும் இரு என்றும் ஒரு சொல் வரவில்லை. அழைப்பு என்றால் எனக்கென்று மட்டும் வரவேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்கென்று வந்தது அந்த மௌனம் மட்டும்தான். பிள்ளைக்காகப் போகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அதுவும் பாதிதான் உண்மை.

சொல் வராமலே மச்சாளுக்கு ஆளனுப்பினேன். மச்சாள் வந்து சேர்ந்த மறுநாள் காலை பையைத் தூக்கினேன். மகனைக் கட்டிலருகே கூட்டிப்போய் முத்தம் கொடுக்கச் சொன்னேன். மாமி கையால் தடுத்தார்.

"போக முதல் என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடு."

நோகாமல் அவரைத் திருப்ப எனக்கு மட்டும்தான் தெரியும். பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையை இடுப்புக்குக் கீழும் மற்றதைத் தோளுக்குக் கீழும் கொடுத்து, மெதுவாகத் திருப்பிவிட்டேன்.