தொங்கிய சக்கரம்

செங்கல்காரன் மெக்கானிக் கரடிக்கு நாற்பதாயிரம் தரவேண்டியிருந்தது. அவனுடைய பழைய பிக்கப் வண்டியை ஒரு சாண் உயர்த்திக் கட்டிக் கொடுத்த கூலி. கைக்கு வராத கூலியும் கடன்தான்.

அன்று பொழுது சாய்வதற்குள் வாடகை கட்டாவிட்டால் கரடியின் பட்டறைக்குப் பூட்டு விழும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் துரத்திய பயல், இரண்டு ஸ்பானரோடு தொடங்கி எழுப்பிய பட்டறை அது. கரடி முறுக்கிய நட்டை அந்தத் தெருவில் வேறு எவனும் கழற்றியதில்லை.

பணம் வரவில்லை. பிக்கப்தான் வந்தது, மூக்கு நசுங்கி. செங்கல்காரனும் அவன் மச்சானும் குதித்து இறங்கினார்கள்.

"டேய் கரடி, நீ உசத்திக் கட்டின வண்டி என் சுவரையே முட்டிடுச்சு. பிரேக்கே இல்ல. உனக்குப் பணம் ஒரு கேடா?"

"பின் பிரேக்கை எவன் தொட்டான்?"

"நான்தான் டைட் வச்சேன்," என்றான் மச்சான். "உன்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"வாங்கியிருந்தா சுவர் நின்னிருக்கும்."

மச்சான் ஜாக்கி ராடை வீசினான். தலைக்கு வந்ததைக் கரடி இடது கையில் வாங்கினான். இரண்டு விரல்கள் காய்ந்த சுள்ளியாக முறிந்தன. அடுத்த வீச்சுக்கு முன் நெற்றியால் அவன் மூக்கை உடைத்து, முழங்காலை வயிற்றில் இறக்கினான். மச்சான் துப்பியபோது பல்லும் சேர்ந்து விழுந்தது. கரடி அவன் சட்டையைப் பிடித்து வண்டிக்கடியில் இழுத்தான்.

"எப்படி வச்சே? சொல்லு."

"சேஸிஸ் சட்டத்துல ஜாக்கி குடுத்து, சக்கரத்தைத் தொங்கவிட்டேன்... சக்கரம் உரசுற வரைக்கும் பிரேக்கைத் திருகினேன்..."

கரடி வாய்விட்டுச் சிரித்தான். "சக்கரம் தொங்கினா ஹேண்ட்பிரேக் கேபிள் இழுபடும். உசத்தின வண்டின்னா கேக்கவே வேணாம். கேபிள் இழுத்து உரசினதை, பிரேக் சரியாயிடுச்சுன்னு நெனச்சிருக்கே. கீழ இறக்கினதும் கேபிள் தளந்துடுச்சு, பெடல் தரைக்குப் போயிடுச்சு. தோள்ல உக்காந்த புள்ளைக்கு உசரம் அளந்திருக்கியேடா!"

சக்கரம் தொங்காதபடி ஜாக்கியை ஆக்ஸிலுக்கு அடியில் கொடுத்தான். கேபிளைத் தளர்த்தினான். உடைந்த கையை மார்போடு ஒட்டிக்கொண்டு, பிரேக் டிரம்முக்குப் பின்னாலிருந்த துளை வழியே பிரேக்கை இறுக்கும் பல்சக்கரத்தைத் திருகினான். பிரேக் ஷூ டிரம்மில் லேசாக உரசியதும் இரண்டு பல் பின்வாங்கினான். மறுபக்கமும் அப்படியே. கடைசியில் கேபிளை அளவாக முறுக்கினான். வலியில் கண் இருட்டியது, கை பிசகவில்லை.

பிறகு செங்கல்காரனின் பிடரியைப் பிடித்து முன்சீட்டில் எறிந்தான்.

"வாய்யா. உன் சுவர்ல மிச்சம் இருக்கறதையும் இடிச்சுட்டு வருவோம்."

தெருச் சரிவின் அடியில்தான் அந்தச் சுவர். கரடி ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

"நிறுத்துடா! புள்ளகுட்டிக்காரன்டா நான்!"

சுவர் முன்கண்ணாடியை நிறைத்தபோதுதான் பிரேக்கை மிதித்தான். பின்சக்கரங்கள் அலறி நின்றன. செங்கல்காரனின் நெற்றி டேஷ்போர்டில் மோதிப் பிளந்தது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம்.

"பிரேக் இருக்கா?"

"இருக்கு..."

"பணம்?"

"பாதி இப்ப..."

கரடி பிரேக்கிலிருந்து காலைச் சற்றே தூக்கினான். வண்டி சரிவில் உருண்டது.

"தரேன்யா! முழுசா தரேன்!"

செங்கல் விற்ற பணம் அவன் மடியிலேயே இருந்தது. கரடி இடது கையை நீட்டினான். முறிந்த விரல்கள் மடங்கவில்லை. உள்ளங்கை விரிந்தே கிடந்தது. நெற்றி ரத்தம் நோட்டில் சொட்டச் சொட்ட, செங்கல்காரன் அந்தக் கையில் நாற்பதாயிரத்தையும் எண்ணி வைத்தான்.