கோயிலில் அத்துவிட்ட கல்யாணம்

பதுளையில் நான் கிளார்க்காக இருக்கும் சட்டத்தரணியின் அறைக்கு வெளியே ஒரு மரவாங்கு உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் லயத்து அக்கா அதில் உட்கார்ந்திருந்தாள். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலையேறியிருக்க வேண்டிய நேரம். கொழுந்து பறித்தே பழகிய கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. சேலைத் தலைப்பில் நூல் பிடுங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். சட்டக் கல்லூரி என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தோட்டத்துச் சனம் அந்தத் தீர்ப்பை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. கறுப்புக் கால்சட்டை போட்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோர்ட்டுப் படியேறுகிறவன் எவனும் அவர்களுக்கு லோயர்தான். நானும் அவர்கள் மனதைப் புண்படுத்தியதில்லை.

அக்காவுக்கும் அவள் புருஷனுக்கும் கோயிலில் அத்துவிட்டு அப்போதே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தோட்டத்தில் அதற்கென்று ஒரு முறை உண்டு. தலைவரும் பெரியவர்களும் மாரியம்மன் கோயில் வாசலில் கூடுவார்கள். தாலியைக் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைத்து, எரிகிற சூடத்தின் மேல் இருவரும் கையடித்து, இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லவேண்டும். அத்தோடு முடிந்தது. அதற்கு மேல் ஒரு பிரிவு உண்டென்று யாரும் நினைப்பதில்லை. அம்மனுக்கு மேல் அப்பீல் ஏது? அவன் வெலிமடைக்குப் போய் மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.

அக்கா வாங்கில் வந்து உட்காருவதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை பகலில், பிள்ளைகளைப் பார்க்கவென்று வந்திருக்கிறான். பிள்ளைகள் டியூசனுக்குப் போயிருந்தார்கள். அவன் அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவின் கதவைத் தாழ் போட்டான்.

"வேணாம்னேன் தம்பி. கும்புட்டுச் சொன்னேன். அப்புறம் கத்துனேன். பக்கத்துக் காம்பராவுல ரேடியோ சத்தத்தைக் கொறச்சுக் கேட்டாங்க. அந்தாளு கொரல்னு தெரிஞ்சதும் கூட்டி வச்சிட்டாங்க."

பொலிசில் அதைக் குடும்பத் தகராறு என்று எழுதிக்கொண்டார்களாம். எனக்கு ரோசம் வந்தது. உள்ளே போய்த் தண்டனைச் சட்டக்கோவையைத் தூக்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெண்ணின் சம்மதம் இல்லாமல் கூடினால் குற்றம். பயமுறுத்தி வாங்கியது சம்மதமே ஆகாது. உடம்பில் காயம் இருந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. ஒவ்வொன்றையும் நானே இயற்றியதுபோலத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அக்கா தலையாட்டிக்கொண்டே வந்தாள். மனைவி என்று வந்த இடத்தில் என் குரல் இறங்கி நின்றது. மனைவியின் சம்மதமின்மையும் கணக்கில் வரும், நீதிமன்றம் அவர்களைப் பிரித்து வைத்திருந்தால் மட்டும்.

"ஏன் நிப்பாட்டிட்ட?" என்றாள்.

அந்நேரம் ஐயா வந்து சேர்ந்தார். என் முதலாளி, நிஜ லோயர்.

"கல்யாணம் எழுதிப் பதிஞ்சிருக்கா?"

"ஆமாங்க. காம்பரா குடுக்கணும்னா எழுதிட்டு வாங்கன்னு தோட்டத்து ஆபிஸ்ல சொன்னாங்க."

"பிரிஞ்சது?"

"கோயில்லங்க. ஊரே பாத்துச்சு."

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். கெட்ட செய்தி சொல்லுமுன் அவர் அப்படித்தான் செய்வார். சட்டம் கண்ட பிரிவு கோர்ட்டில் எழுதிய பிரிவு மட்டும். அதுவரை அவன் அவளுக்குப் புருஷன். அவன் செய்ததற்கு அந்தக் குற்றத்தின் பெயர் கிடையாது. இதை அவர் மெதுவாக, இரண்டு விதமாகச் சொன்னார். எப்படிச் சொன்னாலும் அதுவாகவே இருந்தது. அவள் காம்பராப் பக்கம் அவன் வராதிருக்க ஒரு தடை உத்தரவு வாங்கலாம், அதோடு பிரிவு வழக்கும் போடலாம் என்றார்.

மனுவை நான்தான் தட்டச்சு செய்து வாசித்துக் காட்டினேன். எதிராளி மனுதாரரின் கணவர் என்ற இடத்தில் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"புருஷன் இல்லன்னு சொல்லத்தானே தம்பி இங்க வந்தேன்?"

புருஷன் என்று எழுதாவிட்டால் உத்தரவு கிடைக்காது என்றேன். கையெழுத்துப் போட்டாள்.

தடை உத்தரவு கிடைத்தது. பிறகு நீட்டிக்கவும்பட்டது. பிரிவு வழக்கு இன்னும் நடக்கிறது. அவன் சேர்ந்து வாழத்தான் ஆசைப்படுகிறான் என்று அவனுடைய லோயர் ஒவ்வொரு தவணையிலும் உருக்கமாகச் சொல்கிறார். போன தவணையில் தாழ்வாரத்தில் அவன் என்னை மறித்தான். "என்ன மச்சான், அக்காவுக்கும் எனக்கும் சேத்து ஒரு டீ சொல்லேன். குடும்பம் ஒண்ணு சேரட்டும்." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வழக்குக் கோப்பை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

வழக்கை மறுபடி தள்ளிப்போட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு அக்காவோடு நடந்தேன்.

"தீர்ப்பு வர்றதுக்கு முன்னால அந்தாளு மறுபடி வந்தா?"

"உத்தரவு இருக்குக்கா. பொலிசுக்குச் சொல்லுங்க. உத்தரவை மீறினதுக்குப் பிடிச்சு உள்ள போடுவாங்க."

"அது கோர்ட்டு சொன்னத மீறினதுக்கு," என்றாள். "நா சொன்னத மீறினதுக்கு?"

நமுனுகுல பஸ் வந்தது. முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் ஒரு சீட் பிடித்து, அவளை உட்காரவைத்துவிட்டு இறங்கினேன். எனக்குத் தெரிந்த சட்டத்தில் அவ்வளவுதான் இருந்தது.