ஈரச் சுவரில் வைத்த எட்டுக் கைகள்

பத்தாவதோடு நின்ற கொத்தனார் பேனா எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். பூச்சு வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

காரைக்குடியில் ஒரு சேவைக் குழு. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் சமையற்கட்டைப் பழுதுபார்க்கக் கிளம்பியது. அங்கே பழைய பூச்சு பெயர்ந்து, சுவரோரம் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகளின் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

ஒன்பது பேர் போனோம். பூச்சுக் கரண்டி பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். மற்றவர்களிடம் தொப்பி, கையுறை, ஒரே நிற பனியன் எல்லாம் இருந்தன. ஒருவர் சாந்துச் சட்டியைத் தூக்குவார், இன்னொருவர் படம் எடுப்பார், சட்டி கீழே இறங்கிவிடும். குழுத் தலைவர் ராமநாதன் ஜவுளிக்கடைக்காரர். சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை அவர் காதில் வைத்துப் பார்க்காததுதான் பாக்கி. நாள் முழுக்க மணல் சலித்தவர் திருப்பத்தூர் அழகம்மை ஆச்சி மட்டும்தான். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் பூச்சு முடிந்தது. மறுநாளிலிருந்து ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். அதுதான் க்யூரிங். விட்டால் வெயிலில் சுவர் வெடிக்கும், மறுபடியும் தட்டில் விழும்.

பத்தாம் நாள்தான் கடைசி நாள். சுவரில் போர்த்தச் சாக்கு தேடிவிட்டு வந்து பார்க்கிறேன், என் பூச்சின் மேல் சிவப்பும் நீலமுமாக எட்டுக் கை. போஸ்டர் கலரில் கையை முக்கி அப்பியிருக்கிறார்கள். கீழே அவரவர் பெயர். நான் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை.

நான் வாளியை எடுத்ததும் சமையல்கார அம்மா ஓடி வந்தார்.

"ஐயா, தண்ணி ஊத்தாதீங்க. கை அழிஞ்சிருமாம். ஒரு மாசத்துக்குச் சுவத்துல தண்ணியே படக் கூடாதுன்னு ராமநாதன் சார் சொல்லிட்டாரு."

வாளியை வைத்துவிட்டு மரத்தடிக்குப் போனேன். அங்கே எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக மனம் திறந்துகொண்டிருந்தார்கள். பத்து நாளும் "ஏய் கொத்தனாரே" என்று கூப்பிட்டவர்கள் இப்போது "அண்ணே, வாங்கண்ணே" என்று இடம் விட்டார்கள். ஒருவர் என் தோளில் சாய்ந்து அழவே செய்தார். அவர் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

என் முறை வந்தது.

"சுவத்துக்குத் தண்ணி ஊத்தணும்," என்றேன்.

ராமநாதன் சிரித்தார். "அண்ணே, வேலை முடிஞ்சிருச்சு. இப்ப மனசுல உள்ளதப் பேசுங்க."

"மனசுல அதுதான் இருக்கு. தண்ணி படலைன்னா பூச்சு நிக்காது."

"நம்ம நினைவா இருக்கிறது அது ஒண்ணுதாண்ணே. அதையும் அழிக்கச் சொல்றீகளே!"

நான் அதோடு விட்டுவிட்டேன். அழகம்மை ஆச்சி எழுந்தார்.

"ஏன் ராமநாதா, பிள்ளைக தட்டுல காரை விழுகுதுன்னுதான வந்தோம்? ஒன் கை விழுந்தா மட்டும் இனிக்குமா?"

ஆச்சி என்னைப் பார்த்தார். "வாளி எங்குட்டு இருக்கு? நீங்க அந்தப் பக்கத்துலேர்ந்து ஊத்திக்கிட்டு வாங்க. என் கைய நானே அழிச்சுக்கிறேன்."

முதல் வாளியிலேயே ஆச்சியின் நீலக் கை வழிந்து தரைக்கு வந்தது. ராமநாதன் தன் சிவப்புக் கை போகும் முன் ஓடி வந்து அவசரமாக ஒரு படம் எடுத்தார். மற்றவர்கள் மரத்தடியிலேயே ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஆச்சியும் அதிகம் பேசவில்லை. கிணற்றுக்கும் சுவருக்குமாகப் பதினைந்து நடை நடந்தோம். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஊற்ற வேண்டும் என்று சமையல்கார அம்மாவிடம் ஆச்சி இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார்.

தம்பிகளே, பூசியவன்தான் தண்ணீருக்கும் வாய் திறக்க வேண்டும். கூச்சமாக இருந்தாலும் திறந்துவிடுங்கள். அன்று ஆச்சி எழுந்திருக்காவிட்டால் நான் சும்மா விமானம் ஏறியிருப்பேன்.

மறுநாள் மதியம் மதுரையில் இறங்கினோம். குழுவின் வாட்ஸ்அப்பில், தண்ணீர் ஊற்றும் முன்பே எடுத்த எட்டுக் கைகளின் படம் வந்திருந்தது. அமராவதிபுதூரில் ஒரு வீட்டுப் பூச்சு பாக்கி இருந்தது. அதற்கடுத்த நாள் அங்கே போனேன்.