ஒரு பக்கமாக இழுத்த கார்

காரை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தது நான்தான். என் கணவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "சரி" என்றுதான் சொல்லியிருப்பார். அந்தச் சமயத்தில் எதற்கெடுத்தாலும் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதுவே எரிச்சல்.

துறைமுகத்தில் முப்பது வருடம் இழுவைப் படகு ஓட்டியவர் அவர். எவ்வளவு பெரிய கப்பலையும் ஒரு கீறல் விழாமல் தளத்தோடு அணைத்து நிறுத்துவார். அப்படிப்பட்ட மனிதர், கீழவைப்பாரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் ஓர் ஆட்டுக்காகப் பிரேக் போட்டார். கார் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போய், சாலையைத் தாண்டி, உப்பளத்து ஓடையின் விளிம்பில் நின்றது. நல்ல வேளை, எதிரே வண்டி எதுவும் வரவில்லை. ஆடு நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. இவர்தான் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏளா, கால் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு," என்றார்.

சர்க்கரையால் அவருக்கு வலது பாதம் அவ்வப்போது மரத்துப்போகும். அதனால் நானும் நம்பினேன். நம்பியதோடு நின்றேனா? பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில், "அப்பாவால இனி ஓட்ட முடியாது" என்று அவர் காதுபடவே சொன்னேன். அன்றிலிருந்து அவர் கார்ப் பக்கமே போகவில்லை.

விற்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று, மில்லர்புரத்தில் எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கை வரச்சொன்னேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவர், முதலில் டயர்களில் காற்றைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

"டீச்சர், பிரேக் போட்டா வலது பக்கமா இழுக்கே. அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலியா?"

"அது அவர் கால்ல உள்ள கோளாறு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கால்ல பலம் இல்லன்னா நாலு வீலும்தான் சரியாப் பிடிக்காது. ஒரு பக்கமா எப்படி டீச்சர் இழுக்கும்? அதுவும் இப்ப மிதிச்சது என் காலுல்லா?"

இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவள் நான். எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். நான் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். வலது பின்சக்கரத்தைக் கையால் சுற்றப் பார்த்தார், அசையவில்லை. இடதைச் சுற்றினார்.

"நல்லா மிதிங்க டீச்சர்."

இரண்டு காலாலும் மிதித்தேன். அந்தச் சக்கரம் ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த இடது சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினார். பிரேக் ஷூவைத் தள்ளவேண்டிய சிறிய சிலிண்டர் உப்புப் படிந்து, துருவேறி இறுகிப்போயிருந்தது. வலது பக்கத்தையும் திறந்தார். அங்கே பெரிதாகத் துரு இல்லை. "ஒரு பக்கம் மட்டும் எப்படி இவ்வளவு உப்பு?" என்று மதிலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். அதற்குள் எனக்கு விளங்கிவிட்டது.

கடலோரம் போய்வந்த வண்டியை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் எங்கள் ஊரில் நிறுத்த மாட்டார்கள். எங்கள் வீட்டில் அன்றும் இன்றும் அது என் வேலை. மகள் சின்னவளாக இருந்தபோது ஞாயிறு தவறாமல் கடற்கரைக்குப் போவோம். திரும்பும்போது தலையெல்லாம் மணலோடு பின்சீட்டில் தூங்கிவிடுவாள். எப்போதும்போல இடது பக்கம் மதிலை ஒட்டிக் காரை நிறுத்திவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் உள்ளே போவார். "ஏளா, அடியிலயும் தண்ணி காட்டு," என்று அங்கிருந்தே குரல் வரும். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஹோஸை இழுப்பேன். மதில் பக்கம் ஹோஸும் எட்டாது, நானும் நுழைய முடியாது. எட்டுகிற வரை கழுவிவிட்டு, "ஆச்சு" என்பேன். அவரும் நம்புவார். அந்த ஞாயிறுகளில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. ஒன்றையாவது திருப்பிக் கொடுத்தால் போதும் என்று இப்போதும் தோன்றும்.

மறுநாள் இரண்டு பக்கமும் புதிய சிலிண்டரும் ஷூவும் மாட்டியானது. நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஹோஸ் விஷயம் உட்பட. வற்புறுத்தித்தான் ஓட்டவைத்தேன். உப்பளங்களுக்கு நடுவே ஆளில்லாத சாலையில், "இப்பப் போடுங்க," என்றேன்.

கார் கோடு கிழித்தாற்போல நேராக நின்றது.

அவர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "நீ கழுவாம விட்டதெல்லாம் பெருசில்லளா. கால் போயிட்டுன்னு நான் நெனச்சேன், சரி. நீயும் நெனச்சிட்டியே."

பின்னால் வந்த உப்பு லாரி ஹாரன் அடித்தது. அவர் கியரைப் போட்டார். மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்கு நினைவில்லை. கேட்டிருக்க மாட்டேன்; அழுதுகொண்டிருந்தேன்.