பேசாத இரண்டு மூப்பர்கள்

சபைத் தலைவர்கள் ஒருமனமாக இருக்க வேண்டும் என்று எங்கள் கோயிலில் முக்கால் மணி நேரம் பாடம் நடத்தியவன் நான். இயேசுவின் கடைசி விருந்து மேசையிலேயே சீடர்கள் தங்களுக்குள் யார் பெரியவன் என்று சண்டை போட்டதை விலாவாரியாகச் சொன்னேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சபையின் இன்னொரு மூப்பரோடு நான் பேச்சை நிறுத்தி அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. வெட்கங்கெட்டவன் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்தின் கிண்ணத்தால் சண்டை வந்தது. கொரோனாவுக்குப் பிறகு திராட்சை ரசத்தை ஆளுக்கொரு சின்னக் கப்பில் கொடுக்கலாம் என்றேன். எல்லோரும் ஒரே கிண்ணத்தில் குடிப்பதுதான் திருவிருந்து என்றார் அவர். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், எனக்குக் காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை.

"ஆளுக்கொரு காப்பி போட இது என்ன ஆதார் அட்டையா?" என்று கூட்டத்தில் கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்க பஸ்ல ஆள அடைச்சே பழகிட்டீக" என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் போதகருக்கு ஐந்து ஊர்ச் சபைகள். யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் வீட்டுக்கு அவர் போக வேண்டும் என்பதை மூப்பர்கள்தான் சொல்ல வேண்டும். சண்டைக்கு முன்பு நாங்கள் இருவரும் கலந்து பேசித்தான் அவருக்குச் சொல்வோம். அந்த வழக்கமும் நின்றுபோனது.

கோட்டையூரில் டீக்கடை வைத்திருந்தவர் எங்கள் சபையார். மதுரையில் அவருக்கு இதய ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கார் ஏற வேண்டும். அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை வீட்டில் திருவிருந்து எடுக்க ஆசைப்பட்டு எங்கள் இருவரிடமும் தனித்தனியே சொல்லியிருந்தார். கண்டக்டர் சொல்லியிருப்பார் என்று நான் இருந்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவர் இருந்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், டீக்கடைக்காரரின் மனைவி வாசலில் நின்றார்.

"நேத்து பூரா வெள்ளச் சட்டயப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தாக. ஏன் யாருமே வரல? ரெண்டு மணிக்குக் கெளம்பணும்."

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. போதகர் அன்று சாக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு சபையில் இருந்தார், போனை எடுக்கவில்லை. நான் பைக்கை எடுத்தேன். கண்டக்டர் பின்னால் ஏறிக்கொண்டார். போதகர் தன் வண்டியில் கூட வர, கோட்டையூர் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. போகும்போதும் வரும்போதும் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேசையில் வெள்ளைத் துணி விரித்தபடியே இருந்தது. போதகர் அப்பத்தை எடுத்து வைக்கத் தொடங்கியதும் டீக்கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரே வண்டில வந்திருக்கீக. பேசிக்கிட்டீகளா?"

நான் தலையைக் குனிந்தேன்.

"மொகத்தத் திருப்பிக்கிட்டுக் குடுத்தீகன்னா எனக்கு எறங்காது. பேசுங்க. நா இருக்கேன்."

"ரெண்டு மணிக்குக் காரு வந்துரும்" என்றார் மனைவி.

"காரு நிக்கும்."

காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் போதனை எனக்கு மனப்பாடம். அதைச் செய்ய வைக்க, ஆபரேஷனுக்கு நெஞ்சைக் கொடுக்கப் போகிற ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

"அண்ணே, தப்பு என்னோடது. அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நேத்து ஒரு போன் போட்டிருக்கணும்" என்றேன்.

கண்டக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. "நானும் போனக் கைல எடுத்தேன் தம்பி. நீ மொதல்ல கூப்பிடட்டும்னு திரும்ப வச்சுட்டேன்."

கிண்ண விஷயத்தில் இன்றுவரை நாங்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் அன்று அவர் என் தோளில் வைத்த கையின் கனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. டீக்கடைக்காரர் இரண்டு உள்ளங்கையையும் நீட்டி, "சரி, குடுங்கய்யா" என்றார்.

காரில் ஏறும்போது எங்களைக் கூப்பிட்டார். "ஆபரேசன் முடிஞ்சதும் இவ ஒருத்தருக்குத்தேன் போன் போடுவா. இன்னொருத்தருக்கு நீங்களே சொல்லிக்கங்க."

செவ்வாய்க்கிழமை மாலை போன் எனக்கு வந்தது. கடையில் நல்ல கூட்டம். அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, போதகருக்கும் முன்னால் கண்டக்டரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பொழச்சுட்டாகண்ணே" என்றேன்.